நிறவெறியை வீழ்த்திய திருச்சபை தடுமாறிய இடம்

தன்பாலீர்ப்பைப் பற்றி பைபிள் என்ன சொல்கிறது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு உலகக் கிறித்தவம் பல பத்தாண்டுகளாகப் பிளவுபட்டுக் கிடக்கிறது. ஒரே பந்தியில் அப்பம் பிட்டவர்கள் தனித்தனிச் சபையாகப் போகிறார்கள். போதகர்கள் பொறுப்பை இழக்கிறார்கள். பெற்ற பிள்ளைகளை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். "அது கிறித்தவர்களின் உள்வீட்டுச் சண்டை, சாதி ஒழிப்பு பேசுகிற நமக்கு அதில் என்ன வேலை?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்.

வேலை இருக்கிறது. புனித நூலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்துவது எப்படி நடக்கிறது என்பது நமக்குப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயமல்ல. ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் போராடி உள்ளே வந்த பிறகு, அடுத்து வாசலில் வந்து நிற்பவரை என்ன செய்கிறார்கள்? அதை நாம் அதிகம் பேசுவதில்லை. தென்னாப்பிரிக்கத் திருச்சபையின் வரலாறு அந்தக் கேள்வியை நேராக நம் முன் வைக்கிறது.

பலவீனம் யாருடையது?

தென்னாப்பிரிக்காவில் குடியேறிய வெள்ளையரின் பெரிய சபை டச்சு சீர்திருத்தத் திருச்சபை. 1829-ல் அதன் கேப் சினாடு முன் ஒரு கேள்வி வந்தது. கறுப்பின, கலப்பின விசுவாசிகளுக்கு வெள்ளையரோடு ஒன்றாகத் திருவிருந்து கொடுக்கலாமா? நிற வேறுபாடு பார்க்கக்கூடாது, கடவுளின் வார்த்தை அப்படித்தான் சொல்கிறது என்று அந்த சினாடு முடிவெடுத்தது.

28 ஆண்டுகள் கழிந்தன. 1857-ல் அதே சபையின் சினாடு மறுபடி கூடியது. எல்லோரும் ஒன்றாக வழிபடுவதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 'சிலருடைய பலவீனத்தின் காரணமாக' அது தடைபடுகிற இடங்களில் தனித்தனியாக வழிபடலாம் என்று அனுமதியும் கொடுத்தது. பலவீனம் யாருக்கு? கறுப்பினத்தவர் பக்கத்தில் முழந்தாளிட்டு அப்பம் வாங்க முடியாத வெள்ளையருக்கு. அந்தப் பலவீனத்துக்கு இடம் கொடுக்க யார் விலகிப்போக வேண்டியிருந்தது? கறுப்பினத்தவர்.

தமிழ்நாட்டுக் கிறித்தவத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோவிலை இரண்டு காலுள்ள கால்சட்டை போலக் கட்டினார்கள். வேளாளருக்கு ஒரு சிறகு, நாடாருக்கு ஒரு சிறகு, இரண்டும் சேரும் இடத்தில் பீடம். நடுவில் இருந்த பிரிப்பை இடிக்க 1910 ஆக வேண்டியிருந்தது. தனிக் கல்லறை, தனித் தெரு, தனித் தேர் என்று தலித் கிறித்தவர்கள் பட்ட அவமானத்துக்குப் பின்னாலும் இதே 'பலவீனம்'தான் நின்றது.

தென்னாப்பிரிக்காவில் 1857-ன் சலுகை விரைவிலேயே விதியானது. 1881-ல் கலப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு மிஷன் சபை ஏற்படுத்தப்பட்டது. 1948-ல் தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்து, 'அபார்த்தீட்' என்ற இன ஒதுக்கலை அரசுக் கொள்கையாக்கியது. பிரதமராக அமர்ந்த டி.எஃப். மலான் அந்த டச்சு சபையின் முன்னாள் போதகர். பாபேல் கோபுரத்தில் கடவுள் மொழிகளைத் தாறுமாறாக்கி மக்களைப் பிரித்தார், அதனால் இனங்கள் பிரிந்திருப்பதே அவருடைய சித்தம் என்று இறையியல் பேராசிரியர்கள் எழுதினார்கள். அவர்கள் படிக்காதவர்களல்ல. எபிரேயமும் கிரேக்கமும் கற்றவர்கள். மூலமொழி தெரிந்தால் நியாயம் தெரிந்துவிடும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

பெல்ஹார் அறிக்கை

இந்த இறையியலை உடைத்தவர்கள் அதனால் ஒதுக்கப்பட்டவர்களே. 1982-ல் கனடாவின் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு கூடியது. தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பிரதிநிதிகள் வெள்ளைச் சபையாரோடு திருவிருந்தில் பங்கெடுக்க மறுத்தார்கள். சொந்த நாட்டில் எங்களோடு அப்பம் பிட மறுப்பவர்கள் வெளிநாட்டில் வந்து எங்களோடு உட்கார்ந்து பிடுவது பொய் என்றார்கள். நிறவெறிக்கு இறையியல் நியாயம் கற்பிப்பது வேதப்புரட்டு என்று அந்தக் கூட்டமைப்பு அறிவித்தது. வெள்ளைச் சபையின் உறுப்பினர் தகுதி நிறுத்திவைக்கப்பட்டது. கூட்டமைப்பின் தலைவராக ஆலன் பூசாக் தேர்ந்தெடுக்கப்பட்டார். கலப்பினத்தவர் என்று அரசு முத்திரை குத்திய சமூகத்தில் பிறந்த போதகர் அவர். மறு ஆண்டு நிறவெறி அரசை எதிர்த்து எழுந்த ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு அழைப்பு விடுத்தவரும் அவரே.

அதே 1982-ல் கேப் டவுனை ஒட்டிய பெல்ஹாரில் மிஷன் சபையின் சினாடு கூடி ஒரு விசுவாச அறிக்கையை வரைந்தது. 1986-ல் அதை முறையாக ஏற்றது. ஒற்றுமை, ஒப்புரவு, நீதி ஆகிய மூன்றும் அதன் தூண்கள். கடவுள் ஏழைகளின் பக்கமும் அநீதி இழைக்கப்பட்டோர் பக்கமும் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. இன்னொரு முக்கியமான வரியும் அதில் உண்டு. பிறப்பையோ வேறு எந்த மனித, சமூகக் காரணத்தையோ வைத்து ஒருவர் சபையின் உறுப்பினரா என்று தீர்மானிக்கிற போதனையை நிராகரிக்கிறோம் என்பதே அந்த வரியின் பொருள்.

'வேறு எந்தக் காரணத்தையும்' என்று எழுதியபோது அதை எழுதியவர்கள் மனதில் இருந்தது நிறமும் இனமும். ஆனால் எழுதியது அதைவிடப் பெரிதாகிவிட்டது.

2008: அதே வரி, வேறு ஆள்

1994-ல் கலப்பினத்தவரின் மிஷன் சபையும் கறுப்பினத்தவரின் சபையும் இணைந்து ஐக்கிய சீர்திருத்தத் திருச்சபை உருவானது. பெல்ஹார் அறிக்கை அதன் அடிப்படை ஆவணங்களில் ஒன்று. 2005-ல் அந்தச் சபை தன்பாலீர்ப்பு கொண்டவர்களைப் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. பூசாக் அதில் முன்னின்று உழைத்தார். 2008 பொது சினாடில் அறிக்கை வைக்கப்பட்டது. தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் சபையின் முழு உறுப்பினர்கள், குருத்துவப் பொறுப்பும் அவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்று அது கேட்டது. ஆதாரமாக நீட்டியது பெல்ஹார் அறிக்கையை.

சினாடு ஏற்கவில்லை. நிறவெறிக்கு எதிராக எழுதிய அறிக்கையை இதற்கு இழுக்கக்கூடாது என்ற குரல் ஓங்கியது. பூசாக் சபையில் தான் வகித்த பொறுப்புகளிலிருந்து அந்த இடத்திலேயே விலகினார். தோலின் நிறத்துக்காக எங்களை வெளியே தள்ளியது அநீதி என்றால், யாரை நேசிக்கிறார் என்பதற்காக இன்னொருவரை வெளியே தள்ளுவது எப்படி நீதியாகும் என்பதே அவர் வாதத்தின் சாரம்.

ஏழாண்டுகள் கழித்து இன்னொரு திருப்பம். 2015-ல் நிறவெறிக்கு இறையியல் எழுதிக்கொடுத்த அதே வெள்ளை டச்சு சபையின் சினாடு தன்பால் இணையரின் உறவை அங்கீகரித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2016-ல் சிறப்பு சினாடைக் கூட்டி அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2016-ன் முடிவு செல்லாது என்று 2019 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒடுக்கியவர்களின் சபை தட்டுத்தடுமாறியாவது நகர்ந்த நேரத்தில், ஒடுக்கப்பட்டவர்களின் சபை தானே எழுதிய வரிக்கு அஞ்சி நின்றிருந்தது. இதைச் சொல்வதால் வெள்ளைச் சபையின் பழைய கணக்கு தீர்ந்துவிடாது. ஆனால் இது நமக்கு உறுத்த வேண்டும்.

வசனங்களை எடுத்துப் பார்ப்போம்

"வேதம் தெளிவாக இருக்கிறதே" என்பதுதான் அன்றும் இன்றும் மறுப்பவர்களின் பதில். பைபிளில் இதற்கென்று எடுத்துக்காட்டப்படும் பகுதிகள் ஆறேழு. அவற்றைப் பார்த்துவிடலாம்.

முதலாவது, ஆதியாகமம் 19-ல் வரும் சோதோம். ஊர் ஆண்கள் கும்பலாக வந்து விருந்தாளிகளை வன்புணர்வு செய்ய முயல்கிற கதை அது. அதை இருவரின் விருப்ப உறவோடு ஒப்பிடுவதே அபத்தம். சோதோமின் பாவம் என்ன என்று பைபிளே வேறிடத்தில் விளக்குகிறது. எசேக்கியேல் 16-ன்படி அது செருக்கு, வயிறு நிறைந்த வாழ்வு, ஏழை எளியவரைக் கைதூக்கி விடாமை.

இரண்டாவது, லேவியராகமம். ஆணும் ஆணும் உறவு கொள்வதை 18-ம் அதிகாரம் தடுக்கிறது, 20-ம் அதிகாரம் மரண தண்டனை விதிக்கிறது. இதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் அதே நூலின் 11-ம் அதிகாரம் பன்றிக்கறியைத் தடுக்கிறது. 19-ம் அதிகாரம் இருவகை நூல் கலந்த துணியைத் தடுக்கிறது. 25-ம் அதிகாரம் அந்நியரை அடிமைகளாக விலைக்கு வாங்கலாம் என்கிறது. இவற்றில் எது நிலையான ஒழுக்கம், எது அந்தக் காலச் சடங்கு என்று பிரித்துக் காட்டும் கோடு அந்த நூலில் இல்லை. அந்தக் கோட்டைப் பிற்காலத்தவர் போட்டார்கள். போட்டவர்கள் யார், யாருக்கு வசதியாகப் போட்டார்கள் என்று கேட்பது நம் உரிமை.

மூன்றாவது, பவுலின் கொரிந்தியர் முதல் கடிதம் 6-ம் அதிகாரம். கடவுளின் அரசில் இடம் பெறாதவர்கள் என்ற பட்டியலில் இரண்டு கிரேக்கச் சொற்கள் வருகின்றன. ஒன்று 'மலக்கோய்'. மென்மையானவர்கள் என்பது அதன் நேர்ப்பொருள். தமிழ்ப் புராட்டஸ்டண்ட் சபைகள் வழிவழியாக வாசிக்கும் பைபிளில் அது 'சுயபுணர்ச்சிக்காரர்' என்று இருக்கிறது. பழைய ஆங்கில பைபிளில் 'பெண்தன்மை உள்ளவர்' என்ற பொருளில் இருக்கிறது. 1946-ல் வந்த ஆர்.எஸ்.வி. என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லையும் அடுத்த சொல்லையும் சேர்த்து 'தன்பாலீர்ப்பாளர்' என்று ஒரே சொல்லாக்கியது. 1971 பதிப்பில் அதை மாற்றிவிட்டது. ஒரே சொல் சென்னையில் ஒரு பாவத்தையும் லண்டனில் வேறொரு பாவத்தையும் நியூயார்க்கில் மூன்றாவதையும் குறிக்கிறது என்றால், 'வேதம் தெளிவாக இருக்கிறது' என்பதன் பொருள்தான் என்ன?

இரண்டாவது கிரேக்கச் சொல் 'அர்செனோகொய்த்தாய்'. ஆண், படுக்கை என்ற இரு சொற்களின் சேர்க்கை. லேவியராகமத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து பவுல் இதை உருவாக்கியிருக்கலாம் என்று மரபுவழி அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்துக்கு வலு உண்டு. சுரண்டல் உறவையே அது குறிக்கிறது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இதே சொல் தீமோத்தேயு முதல் கடிதத்தின் முதல் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே அதற்கு அடுத்த சொல் ஆள்கடத்தி விற்கிறவர்களை, அதாவது அடிமை வணிகர்களைக் குறிக்கிறது. பல நூறு ஆண்டுகள் அடிமை வணிகம் நடத்திய கிறித்தவ நாடுகள் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய், பக்கத்துச் சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

கடினமானது ரோமர் முதல் அதிகாரம். ஆண்களின் உறவோடு பெண்களின் உறவையும் அது கண்டிக்கிறது. சிலை வணக்கத்தின் விளைவாக வந்த கட்டற்ற இச்சையைப் பற்றியே பவுல் பேசுகிறார், அன்போடும் பொறுப்போடும் இணைந்து வாழ்வது அவர் பார்வையிலேயே இல்லை என்பது ஒரு வாசிப்பு. பவுல் எல்லாவற்றையும் சேர்த்தே கண்டிக்கிறார் என்பது இன்னொரு வாசிப்பு. தன்பால் உறவை ஏற்றுப் பேசும் வசனம் பைபிளில் எங்கும் இல்லை என்று மரபாளர்கள் சொல்வதும் உண்மைதான்.

அடிமைமுறைக்கும் அதே நிலைதான் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எபேசியரிலும் கொலோசெயரிலும் பேதுருவின் முதல் கடிதத்திலும் எழுதியிருக்கிறது. அடிமைமுறையை ஒழி என்ற கட்டளை எங்கும் இல்லை. வசனத்தை எண்ணிப் பார்த்தால் அடிமை முதலாளி ஜெயிப்பான். அமெரிக்காவின் தெற்கு பாப்திஸ்து மாநாடு அடிமைமுறைக்கு ஆதரவாகப் பிரிந்து 1845-ல் தோன்றியது. அது மன்னிப்புக் கேட்டது 1995-ல். அந்த 150 ஆண்டுகளில் வசனத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. விலங்கு பூட்டப்பட்டிருந்தவர் எழுந்து அந்த நூலைத் தானே வாசித்தார், அதில் தன் விடுதலையைக் கண்டார். அதன் பிறகுதான் மற்றவர்களுக்கும் பழைய வாசிப்பு அசிங்கமாகத் தெரிந்தது.

தமிழில் காணாமல் போனவர்

பைபிளுக்குள்ளேயே ஒரு விலக்கும் அதன் முறிவும் இருக்கின்றன. விதை நசுக்கப்பட்டவர் சபைக்குள் வரக்கூடாது என்கிறது உபாகமம் 23. அப்படிப்பட்டவருக்கு என் வீட்டில் பிள்ளைகளைவிட மேலான பெயரைத் தருவேன் என்று கடவுள் சொல்வதாக ஏசாயா 56 பேசுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 8-ல் ஓர் ஆப்பிரிக்கர் தேரில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு வருகிறார். எத்தியோப்பிய அரசியின் கருவூலப் பொறுப்பாளர். கிரேக்க மூலத்தில் அவர் ஓர் அண்ணகர். வழியில் தண்ணீரைக் கண்டதும், ஞானஸ்நானம் பெற எனக்கு என்ன தடை என்று பிலிப்பிடம் கேட்கிறார். பிலிப்பு உபாகமத்தைப் புரட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. இருவரும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

தமிழ்ச் சபைகளில் இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தவர் 'எத்தியோப்பிய மந்திரி'. ஏசாயாவில் 'அண்ணகன்' என்று மொழிபெயர்த்த அதே தமிழ் பைபிள் இந்த இடத்தில் 'மந்திரி' என்கிறது. அரசவை அலுவலர் என்ற பொருளும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு உண்டு என்பதால் மொழிபெயர்ப்பு பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடலோடு சபைக்குள் முதலில் நுழைந்த ஒருவர், தமிழ் வாசகருக்குப் பதவி உயர்ந்த ஒருவராக மட்டுமே தெரிகிறார்.

'மேற்கத்திய இறக்குமதி'

தென்னாப்பிரிக்காவிலும் ஒரு வாதம் உண்டு. தன்பாலீர்ப்பு வெள்ளையன் கொண்டுவந்தது, ஆப்பிரிக்கப் பண்பாட்டில் இல்லாதது என்பார்கள். உண்மையில் வெள்ளையன் கொண்டுவந்தது அதைத் தண்டிக்கும் சட்டத்தை. நிறவெறி அரசின் ஒழுக்கக்கேட்டுச் சட்டம் வெள்ளையரும் வெள்ளையரல்லாதவரும் உறவு கொள்வதைக் குற்றமாக்கியது. 1969-ல் அதே சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து ஆண்கள் கூடும் விருந்துகளில் நடக்கும் நெருக்கத்தையும் குற்றமாக்கினார்கள். யார் யாரைத் தொடலாம் என்று தீர்மானிக்கிற கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். சாதி உயிர்வாழ்வதே அகமணத்தால்தான் என்று அம்பேத்கர் 1916-லேயே எழுதினார். இந்தச் சட்டத்தைப் படிக்கிறபோது அது நினைவுக்கு வராமல் இருக்காது.

சைமன் என்கோலி சோவெட்டோவில் பிறந்த கறுப்பினத்தவர், தன்பாலீர்ப்பாளர். 1984-ல் கைதாகி, ஐக்கிய ஜனநாயக முன்னணித் தலைவர்களோடு டெல்மாஸ் தேசத்துரோக வழக்கில் நிறுத்தப்பட்டார். தூக்குத்தண்டனை வரை போகக்கூடிய வழக்கு. சிறையில் தன்னைப் பற்றிய உண்மையைத் தோழர்களிடம் சொன்னார். சிலர் முகம் சுளித்தார்கள். அவரோடு சேர்ந்து நின்றால் வழக்கு கெட்டுவிடும் என்று அஞ்சினார்கள். மாதக்கணக்கில் பேசிப் பேசி அவர்கள் மாறினார்கள். வெளியே வெள்ளையர் ஆதிக்கத்தில் இருந்த தன்பாலீர்ப்பாளர் சங்கமோ, இது அரசியல் வழக்கு என்று சொல்லி அவரைக் கைவிட்டது. கறுப்பினத்தவர் என்பதால் அங்கே இடமில்லை, தன்பாலீர்ப்பாளர் என்பதால் இங்கே சந்தேகம். விடுதலையானபின் 1990-ல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த முதல் பெருமைப் பேரணியின் முன்னணியில் நின்றார். என் இரண்டு அடையாளங்களையும் பிரித்து, ஒன்றை முதன்மைப் போராட்டம் என்றும் மற்றதை இரண்டாம் போராட்டம் என்றும் வைக்க என்னால் முடியாது என்றார். நம் அமைப்புகளில் இருக்கும் தலித் பால்புதுமையினர் இதை வாசித்தால், ஊரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள்.

பாலின ஈர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 1996-ல் தென்னாப்பிரிக்க அரசமைப்புச் சட்டம் எழுதியதற்குப் பின்னால் என்கோலி போன்றவர்கள் சிறையில் நடத்திய அந்த உரையாடல்களும் இருக்கின்றன. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு நிறவெறியை எதிர்த்த அதே வேகத்தோடு இதை எதிர்ப்பதாகச் சொன்னார். தன்பாலீர்ப்பாளரை வெறுக்கும் கடவுளை வணங்க மாட்டேன் என்றார். அவருடைய மகள் ம்போ டூட்டு ஆங்கிலிக்கன் குருவானவர். ஒரு பெண்ணை மணந்ததால் 2016-ல் தென்னாப்பிரிக்காவில் குருவாகப் பணியாற்றும் உரிமத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தந்தையை நாடே கொண்டாடியது. அவர் சபைக்குள் அவர் மகளுக்கு இடமில்லை.

படிநிலையின் ஆசை

அடிவாங்கியவர்களின் சபை ஏன் தடுமாறியது? அவர்கள் கெட்டவர்கள் என்பதாலா? இல்லை. இதற்கு அம்பேத்கரிடம் விடை இருக்கிறது. சாதியை வெறும் ஏற்றத்தாழ்வு என்று அவர் சொல்லவில்லை, படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார். ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் கீழே ஒரு படி இருப்பதால், முழு ஏணியையும் உடைக்க அவருக்கு மனம் வருவதில்லை. நூறாண்டுகளாக ஒழுக்கமற்றவர்கள், காமாந்தகர்கள் என்று வெள்ளையரால் இழிவுபடுத்தப்பட்ட ஒரு சமூகம், 'நாங்களும் கண்ணியமான கிறித்தவர்களே' என்று நிரூபிக்கத் துடிக்கிறது. அந்தக் கண்ணியத்தின் அளவுகோல் ஒடுக்கியவன் கொடுத்தது. அதைக் கையில் எடுத்ததும், அளந்து வெளியே தள்ள ஒருவர் தேவைப்படுகிறார்.

இது தென்னாப்பிரிக்காவோடு முடிகிற விஷயமல்ல. தன்பால் உறவைக் குற்றமற்றதாக்கிய டெல்லி உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனவர்களின் பட்டியலைப் பாருங்கள். 2013-ல் அந்த வழக்கில் தீர்ப்பு வந்தது. எதிர்ப்பாளர் வரிசையில் அப்போஸ்தலச் சபைகளின் கூட்டணியும் உத்கல் கிறித்தவ மன்றமும் இருந்தன. அதே வரிசையில் இருந்த ஒரு கட்சியின் பெயர் கிராந்திகாரி மனுவாதி மோர்ச்சா. பெயரிலேயே மனுவைச் சுமக்கும் கட்சியோடு ஒரே பக்கம் நிற்கிறோமே என்று அந்தக் கிறித்தவத் தலைவர்களுக்கு உறுத்தவில்லை. அவர்கள் காப்பாற்றத் துடித்த 377-ம் பிரிவு பைபிளிலும் இல்லை, இந்திய மண்ணிலும் முளைக்கவில்லை. 1860-ல் பிரிட்டிஷ் அரசு எழுதி வைத்தது. 2018 செப்டம்பர் 6 அன்று விருப்ப உறவைப் பொறுத்தவரை அது வீழ்ந்தது.

எரிப்பதா, வாசிப்பதா?

"இத்தனை பாடுபட்டு ஒரு பழைய நூலுக்குப் புதுப் பொருள் சொல்வதைவிட அதைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன?" என்று பெரியார் வழி வந்த தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாத்திரங்களுக்கு நல்ல பொருள் சொல்லிச் சாதியை ஒழிக்க முடியாது, அவற்றின் அதிகாரத்தையே தகர்க்க வேண்டும் என்று 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கரும் சொல்கிறார். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது அந்தத் தெளிவோடுதான்.

ஆனால் அதே அம்பேத்கர் 1956-ல் பௌத்தம் தழுவினார். புத்தரின் வாழ்வை எழுத உட்கார்ந்தபோது மரபுக்கதையை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை. முதியவரையும் நோயாளியையும் பிணத்தையும் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்ற கதையை அறிவுக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கினார். ரோகிணி ஆற்றுத் தண்ணீர்த் தகராறை அந்த இடத்தில் வைத்தார். கேள்வி கேட்கக்கூடாத நூல் என்ற அதிகாரத்தை உடைப்பதும், உடைத்தபின் எது மனிதருக்கு நன்மை என்ற அளவுகோலோடு தானே வாசிப்பதும் அவரிடம் ஒரே வேலையின் இரு பகுதிகளாக இருந்தன. பெல்ஹாரில் கூடியவர்கள் செய்ததும் இதுவே. 2008-ல் அவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கோவில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 17 வயதுப் பெண்ணிடம் "மதத்தைத் தூக்கி எறி" என்று சொல்வது நமக்கு எளிது. அவள் வீடு, படிப்புச் செலவு, தோழிகள், பாட்டு எல்லாம் அந்தச் சபையோடு பின்னிக் கிடக்கின்றன. உன்னைச் சரிசெய்கிறேன் என்று ஜெபக்கூட்டத்துக்கும் மருத்துவரிடமும் அவளை இழுத்துப் போகிறார்கள். அப்படி 'மாற்றும்' சிகிச்சைகளைத் தடைசெய்யச் சொல்லி 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மதுரையிலிருந்து தப்பி வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. தீர்ப்பு வந்துவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. அந்தப் பெண் நாத்திகராக வளரலாம், விசுவாசியாகவே இருக்கலாம். எதுவானாலும், அவளை அடிக்க எடுக்கும் வசனம் அவ்வளவு தெளிவானதல்ல என்று சொல்ல அவள் பக்கத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் சபைக்குள்ளிருந்து வந்தால் அடி விரைவில் நிற்கும்.

நமக்கும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நம் கொள்கை அறிக்கைகளில் 'பிறப்பின் அடிப்படையிலான எல்லாப் பாகுபாட்டையும் எதிர்ப்போம்' என்று எழுதுகிறோம். ஆணவக் கொலைக்கு எதிராக, யாரைக் காதலிப்பது என்பது அவரவர் உரிமை என்று முழக்கமிடுகிறோம். அந்த முழக்கத்தை நம்பி ஒரு தன்பால் இணையர் நம் அலுவலகப் படியேறி வந்து அடைக்கலம் கேட்டால், கூட்டம் போட்டுத் தள்ளிவைக்கிறோமா, கதவைத் திறக்கிறோமா? சாதி மறுப்புத் திருமணத்துக்கு ஓடி ஓடி உதவுகிற நம் வழக்கறிஞர்களும் தோழர்களும் அவர்களுக்கும் அதே வேகத்தோடு ஓட வேண்டும். "இது இப்போது முதன்மைப் பிரச்சினை இல்லை" என்று யாராவது சொன்னால், டெல்மாஸ் கூண்டில் நின்ற என்கோலியை நினைவுபடுத்துங்கள். அவரை ஏற்றுக்கொண்டதால் அந்தப் போராட்டம் சிறுத்துப் போகவில்லை.